மாரிக்கு முன் கூரை: ஓடா, சீற்றா, அமானோவா?

யாழ்ப்பாணத்துக் கூதலை வெப்பமானியில் பார்த்தால் மலைநாட்டுக்காரர் சிரிப்பார்கள். தை மாத விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கிட்டத்தான் நிற்கும். ஆனால் ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்துவிட்டால் கதை வேறு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் பட்டி பட்டியாகச் செத்தன. இங்கே ஹீற்றர் தேடத் தேவையில்லை, ஈரத்தையும் காற்றையும் மறித்தால் போதும். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது கூரையை. வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், புரட்டாசிக்குள் முடிவெடுத்துவிடுவது நல்லது.

பழைய வீட்டுக்காரர் பலருக்கும் உள்ள கேள்வி இதுதான்: இருக்கிற ஓட்டைப் பிரித்து மேய்வதா, கழற்றிப் போட்டுவிட்டு சீற்றோ, அமானோ என்கிற உலோகத் தகடோ அடிப்பதா?

ஓட்டுக்கு எதிராகச் சொல்லப்படுவதெல்லாம் உண்மை. குரங்கு ஏறினால் உடையும், தேங்காய் விழுந்தால் உடையும். வாடை பக்கவாட்டில் அடிக்கும்போது இடுக்கு வழியே தூவானம் இறங்கிப் பாயை நனைக்கும். முகட்டோட்டுச் சாந்து வெடித்தால் நடு அறையில் வாளி வைக்க வேண்டியதுதான். ஆனாலும் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம் என்ற வசதி வேறு எந்தக் கூரையிலும் இல்லை. மண் ஓடு ஈரத்தைக் கொஞ்சம் குடித்து வெயிலில் விட்டுவிடும், உள்ளே சொட்டாது. கோடையில் அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

முடிவு ஓட்டில் இல்லை, மரத்தில் இருக்கிறது. ஏணி வைத்து ஏறி, சுவரில் தீராந்தி (குறுக்கு உத்தரம்) பதியும் இடத்தையும் கறுத்துப்போன சிலாகைகளையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை என்றால் முனை வழுக்கும். பொசுக்கென்று உள்ளே போனால் கறையானோ உக்கலோ வேலையைத் தொடங்கிவிட்டது. மரம் நன்றாக இருந்தால் ஓட்டை விட்டு விலகாதீர்கள் என்பதுதான் என் கட்சி. மேசன்மார் பலர் கழற்றத்தான் சொல்வார்கள். ஓடு மேயத் தெரிந்த கை குறைந்துவிட்டது, சீற் அடிப்பது அவர்களுக்குச் சுகம்.

சீற் என்றால் நம் ஊரில் அஸ்பெஸ்டஸ்தான். மலிவு, மரம் குறைவாகப் போதும், காற்றும் அவ்வளவு புகாது. ஆணித் துளையில் வொஷர் உக்கும்வரை ஒழுகாது. ஆனால் அதன் தூசு நுரையீரலுக்கு எமன், எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாகச் சொன்னது. 2017 டிசம்பரில் ரஷ்யா பொதியில் வண்டு இருந்ததைக் காரணம் காட்டி நம் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் அந்தப் பேச்சுப் பின்வாங்கியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்பதும் ரஷ்யாதான், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தால் பதறிக் கழற்றவும் வேண்டாம். மாரியில் பாசி பிடிக்கிறதென்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், உலர்ந்தபடி வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள்.

அமானோ பார்வைக்கு அழகு, பாரமும் குறைவு. உக்கல் மரத்தைக் கழற்றி இரும்புச் சட்டம் போடுகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். ஆனால் பனிக்காலத்தில் ஒரு கூத்து உண்டு. விடியப்புறம் தகடு குளிர்ந்துவிடும், உள்ளே ஆட்களின் மூச்சும் அடுப்பின் ஆவியும் அதில் பட்டு நீராகித் துளி துளியாக விழும். மழையே இல்லாமல் கூரை ஒழுகுகிறதென்று ஆணிக்கெல்லாம் பசை பூசுவார்கள். மருந்து அதுவல்ல. அடிக்கும்போதே தகட்டுக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய போம் (foam) விரிக்க வேண்டும். பிறகு விரிப்பதென்றால் தகட்டைக் கழற்ற வேண்டிவரும். மழைச் சத்தமும் அதனால் கொஞ்சம் அடங்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் வெட்டிய ஓரங்களில் உப்புக்காற்று துருவை ஏற்றும், அங்கே பெயின்ற் தடவாமல் விடக் கூடாது.

தென்னோலைக் கிடுகை மறந்துவிடவில்லை. குசினிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் அதைவிடக் கதகதப்பு இல்லை, மாரிக்கு மாரி வேயத்தான் ஆள் வேண்டும்.

எதைப் போட்டாலும் கூரை ஓரத்து நீர்ப்பீலியில் கிடக்கும் வேப்பஞ் சருகை முதல் மழைக்கு முன் வழித்துவிடுங்கள். வடகிழக்கு யன்னலுக்கு மேலே ஒன்றரை அடி தாழ்வாரம் இல்லையென்றால் அங்கே ஒரு படங்கைக் கட்ட வளையம் அடித்து வையுங்கள். ஐப்பசி பிறந்த பிறகு படங்கின் விலையும் ஏறிவிடும், மேசனும் தொலைபேசியை எடுக்க மாட்டார்.