மண்டி எங்கே தங்குகிறது: அமெரிக்கன் ஏலுக்கான இரண்டு உலர் ஈஸ்ட்டுகள்

சியாட்டிலுக்கு அருகே ஓர் இரண்டாம் மாடிக் குடியிருப்பில், குளிர்கால மேலங்கிகள் தொங்கும் அலமாரியின் கீழ்ப்பகுதியில், ஆறு ஆண்டுகளாக நான் பியர் காய்ச்சி வருகிறேன். ஒரு முறைக்கு 19 லிட்டர். பெரும்பாலும் காஸ்கேட் அல்லது சென்டெனியல் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ வகைகள்) சேர்த்த அமெரிக்கன் பேல் ஏல் என்ற வெளிர் பியர். முதல் நான்கு ஆண்டுகளில் ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் யுஎஸ்-05 உலர் ஈஸ்ட்டைத் தவிர வேறொன்றை வாங்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் லாலமண்ட் நிறுவனத்தின் பிஆர்ஒய்-97 இருக்கிறது. ஆகவே இதை நடுநிலையான ஒப்பீடு என்று யாரும் கொள்ள வேண்டாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவன், மாறியதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். முன்னது 11.5 கிராம் பொட்டலம், பின்னது 11 கிராம். இரண்டுமே மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சர்க்கரையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை உண்டு முடிப்பவை. பழ வாசனையோ மசாலா வாசனையோ தூக்கலாக இல்லாமல் ஹாப்ஸை முன்னே நிற்க விடுபவை. இரண்டையுமே வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்காமல், ஆறிய வோர்ட்டின் (மால்ட்டிலிருந்து வடித்துக் கொதிக்கவைத்த இனிப்புச் சாறு) மேல் நேரடியாகத் தூவலாம் என்று தயாரிப்பாளர்களே இப்போது சொல்கிறார்கள். உலர்த்துவதற்கு முன்பே செல்களுக்குள் ஸ்டெரால்கள் என்ற கொழுப்புப் பொருட்கள் போதிய அளவு சேரும்படி வளர்க்கப்படுவதால், முதல் முறை பயன்படுத்தும்போது வோர்ட்டுக்குள் காற்றை ஏற்ற வேண்டிய வேலையும் இல்லை. நான் வாங்கும் கடையில் விலை வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

பூர்வீகத்திலும் இவை தூரத்து உறவினர்களைப் போலத்தான் தோன்றுகின்றன. யுஎஸ்-05, கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் 1980இல் தன் முதல் பியரை வடித்த சியரா நெவாடா நிறுவனத்தால் புகழ்பெற்ற ‘சிகோ’ ஈஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்தது என்றே கருதப்படுகிறது. திரவ வடிவில் வையீஸ்ட் 1056, டபிள்யூஎல்பி001 என்று விற்கப்படுபவற்றுக்கு ஈடாகத்தான் கடைக்காரர்களும் இதை எடுத்துத் தருவார்கள். பிஆர்ஒய்-97, சிகாகோவின் சீபெல் கல்வி நிறுவனம் பேணிவந்த ஈஸ்ட் சேகரிப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. குடித்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறியச் சொன்னால், புதிதாக வடித்த பேல் ஏலில் நான் பாதி முறை தவறிவிடுவேன்.

அப்படியிருக்க, எதற்காக மாற வேண்டும்? பிஆர்ஒய்-97இன் குறையை முதலில் சொல்லிவிடுவதுதான் நேர்மை. அது எழுந்திருக்கச் சோம்பல்படும் ஈஸ்ட். யுஎஸ்-05 தூவிய வோர்ட்டில், மாலையில் மூடிவைத்தால் மறுநாள் காலைக் காபிக்குள் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) குமிழி தெரியும். பிஆர்ஒய்-97இல் 24 முதல் 36 மணி நேரம் வரை எந்த அசைவும் இல்லாமல் இருக்கலாம் என்று லாலமண்டே தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் முதன்முதலாக வாங்கிய நான், ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஈஸ்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கைவசமிருந்த யுஎஸ்-05 பொட்டலத்தைப் பிரித்து அதே கலனில் கொட்டினேன். அடுத்த சில மணி நேரங்களில் நுரை பொங்கியது. பியரும் நன்றாகவே வந்தது. ஆனால் அது யாருடைய உழைப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுத்தத்தில் கவனக்குறைவாக இருப்பவர்களுக்கு இந்தத் தாமதம் உண்மையான ஆபத்தும்கூட, ஏனெனில் ஈஸ்ட் வோர்ட்டைத் தன்வயப்படுத்திக்கொள்ளும் வரை வேறு நுண்ணுயிர்களுக்கும் அங்கே இடமிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நான் அதையே வாங்குவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வேலை முடிந்ததும் அது மண்டியாக அடியில் போய்ப் படுத்துவிடுகிறது, எளிதில் கிளம்புவதில்லை.

ஈஸ்ட் படிவதில் என்ன பெரிய வேறுபாடு என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். தனித்த ஓர் ஈஸ்ட் செல் சில மைக்ரோமீட்டர் அகலமே உடையது. அது தன் எடையால் மட்டும் கலனின் அடியைச் சேர நாள் கணக்காகும். ஆனால் சில வகைகளின் செல் சுவரிலுள்ள புரதங்கள், பக்கத்துச் செல்லின் மேற்பரப்பிலிருக்கும் மன்னோஸ் என்ற சர்க்கரைக் கூறைக் கால்சியத்தின் துணையோடு பற்றிக்கொள்கின்றன. வோர்ட்டில் சர்க்கரை நிறைந்திருக்கும்வரை அந்தச் சர்க்கரையே புரதங்களின் பிடியை அடைத்துக்கொண்டிருக்கும். அது தீர்ந்ததும் செல்கள் ஒன்றையொன்று பற்றி, ஆயிரக்கணக்கில் திரண்டு விழத் தொடங்கும். துகளின் விட்டம் இரு மடங்கானால் அது விழும் வேகம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. திரளுக்குள் நீரும் சிக்கியிருப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், திரளும் ஈஸ்ட் நாட்களில் முடிப்பதைத் திரளாத ஈஸ்ட் வாரங்களுக்கு இழுத்தடிப்பதன் காரணம் இதுதான். பிஆர்ஒய்-97 நன்கு திரளும் வகை. யுஎஸ்-05ஐப் பற்றி ஃபெர்மென்டிஸ், நொதிக்கும்போது மிதந்தபடியே இருக்கும் திறன் கொண்டது என்று பெருமையாகவே சொல்கிறது. சர்க்கரையைக் கடைசிவரை தேடி உண்ண அந்த மிதப்பு உதவும்தான். சர்க்கரை தீர்ந்த பிறகும் அது போகாமலிருப்பதே என் வழக்கு.

இடையில் ஒரு சொல்: சியாட்டிலின் குழாய்நீர் சீடர், டோல்ட் ஆறுகளிலிருந்து வரும் மிக மென்மையான நீர், கால்சியம் சொற்பம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியமாவது வேண்டும் என்பது பியர் காய்ச்சுவோரின் பொது விதி என்பதால், 28 லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் ஜிப்சம் என்ற கால்சியம் உப்பைச் சேர்த்த பின்னரே நான் மால்ட்டைப் போடுகிறேன். யுஎஸ்-05 தெளியாததற்கு முதலில் நீரையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜிப்சம் சேர்த்த பிறகும் அது பெரிதாகத் திருந்தவில்லை.

ஒரே கொதியில் தயாரித்த வோர்ட்டை இரண்டு சிறு கலன்களில் சமமாகப் பிரித்து, ஒன்றில் இதையும் மற்றொன்றில் அதையும் தராசில் நிறுத்து ஐந்து கிராம் வீதம் தூவி, ஒரே அலமாரியில் அருகருகே வைத்து மூன்று முறை பார்த்தேன். மூன்றிலும் தொடக்க அடர்த்தி (நீரை 1 எனக் கொண்டு) 1.052 அளவு, இரண்டு கலன்களும் 1.010, 1.011 என்ற அளவில், அதாவது ஏறத்தாழ ஐந்தரை சதவீத ஆல்கஹாலில், வந்து நின்றன. தாமதமாகத் தொடங்கிய பிஆர்ஒய்-97, பத்தாம் நாளில் கணக்கை நேர் செய்துவிட்டிருந்தது. பதினான்காம் நாள் பியரை வடிக்கும் சைஃபன் குழாயை இறக்கியபோதுதான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. யுஎஸ்-05 கலனில் மேலே நுரைத் திட்டுகள் இன்னும் மிதந்தன. பியர் சோறு வடித்த கஞ்சியின் நிறத்தில் இருந்தது. அடியிலிருந்த மண்டி, கலனை மேசைக்குத் தூக்கிய அசைவிலேயே புகைபோல எழுந்தது. பிஆர்ஒய்-97 கலனில் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. மண்டி களிபோல ஒட்டிக்கொண்டிருந்ததால் கலனைச் சாய்த்து ஏறத்தாழ கடைசிச் சொட்டுவரை வடிக்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பாட்டில் கூடுதலாகவே கிடைத்தது.

கெக் என்ற உலோகப் பீப்பாயும் தனிக் குளிர்பெட்டியும் வைத்திருப்பவர்கள், இதற்கெல்லாம் இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். நொதித்தல் முடிந்ததும் இரண்டு மூன்று நாட்கள் உறைநிலைக்குச் சற்று மேலே வைத்திருந்தால் யுஎஸ்-05உம் பணிந்துவிடும் என்பது உண்மை. என்னிடம் அந்த வசதி இல்லை. 19 லிட்டர் கலனை வைக்க வீட்டுக் குளிர்பெட்டியில் பாலையும் காய்கறியையும் வெளியே எடுக்க வேண்டும், அதற்கு வீட்டில் அனுமதியில்லை. அடுத்த வழி ஜெலட்டின். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. வார இறுதியில் என் பியரைக் குடிக்க வரும் நண்பர்களில் பாதிப் பேர் சைவம். பியர் குடிப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, பியரில் எலும்பு சேர்வதில் உண்டு. மீனின் காற்றுப்பையிலிருந்து வரும் ஐசிங்கிளாசுக்கும் அதே விடைதான். கொதியின் இறுதியில் போடும் ஐரிஷ் மாஸ் கடற்பாசிதான், சைவம்தான். ஆனால் அது புரதக் கலங்கலைக் குறைக்குமே தவிர மிதக்கும் ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. ஆக, தானாகத் தெளியும் ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே எனக்கு மிஞ்சிய வழி.

பாட்டிலில் அடைத்த பிறகு இது இன்னும் முக்கியமாகிறது. பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்து வாயு சேரும்போது, எந்த ஈஸ்ட்டானாலும் அடியில் சிறிது மண்டி சேரும். யுஎஸ்-05 மண்டி, நண்பர் வீட்டுக்குக் காரில் கொண்டுபோன இருபது நிமிடத்தில் பாட்டில் முழுவதும் பரவிவிடும். அங்கே போய் ஒரு நாள் நிற்க வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று சொன்னால் எந்த நண்பரும் கேட்க மாட்டார். மேலும் இது பார்வைக்கான குறை மட்டுமன்று. ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள் ஈஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அந்தச் செல்களோடு சேர்த்துக் குடிக்கும்போது, நாக்கின் அடியில் தங்கும் ஒரு முரட்டுக் கசப்பும் பச்சை மாவு வாடையும் வருகின்றன. நான்கு ஆண்டுகளாக ஹாப்ஸின் அளவைக் கூட்டியும் குறைத்தும் திருத்த முயன்றது இதைத்தான் என்று பின்னால்தான் புரிந்தது. பிஆர்ஒய்-97 மண்டி பாட்டிலின் அடியில் மெல்லிய பூச்சாகப் பதிந்திருக்கும். கடைசி அரை அங்குலத்தை விட்டுவிட்டு ஊற்றினால் போதும். இவ்வளவு தெளிந்த பியரில் வாயு உண்டாக்குவதற்கு ஈஸ்ட் மிஞ்சியிருக்குமா என்று எனக்கும் ஐயம் இருந்தது. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதிலும் போதிய செல்கள் இருக்கின்றன. 19 லிட்டருக்கு 120 கிராம் சோளச் சர்க்கரை சேர்த்தால் வாயு சரியாகவே ஏறுகிறது, யுஎஸ்-05ஐவிட மூன்று நான்கு நாட்கள் பிந்தி.

இந்தத் தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு. கசப்புப் பொருட்கள் செல்களில் ஒட்டும் என்றேன். செல்கள் திரண்டு விழும்போது அவற்றோடு கசப்பிலும் ஒரு பங்கு அடிக்குப் போய்விடுகிறது. கசப்பு கூர்மையாக வெட்ட வேண்டிய அமெரிக்க மேற்குக் கரை ஐபிஏவில் (ஹாப்ஸ் மிகுந்த ஏல் வகை) இது தெரியும். அறுபது நிமிடக் கொதிக்குப் போடும் ஹாப்ஸை நான் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்கிறேன். அது நாக்கை வைத்துப் போட்ட கணக்கு, அளந்து போட்டதன்று. பேல் ஏலில் இந்த மென்மை எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

வெப்பநிலை பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெர்மென்டிஸ் 18 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையும், லாலமண்ட் 15 முதல் 22 வரையும் பரிந்துரைக்கின்றன. என் அலமாரி ஆண்டின் பெரும்பகுதியில் 17 முதல் 20 வரை இருப்பதால் பின்னதற்கே பொருத்தம். குளிர்காலத்தில் 16 டிகிரிக்கு இறங்கியபோது யுஎஸ்-05 எனக்கு இரண்டு முறை பீச் பழ வாசனையைத் தந்திருக்கிறது. சிலர் அதை விரும்பவே செய்தார்கள். ஆனால் ஆகஸ்ட்டில் வீடு 27 டிகிரியைத் தொடும் வாரங்களில் நான் இரண்டையும் தொடுவதில்லை என்பதால், வெப்பத்தில் எது நன்றாகத் தாங்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதேபோல் ஏழரை சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால் உள்ள பியரில் பிஆர்ஒய்-97ஐ ஒரே ஒரு முறைதான் முயன்றேன். அடர்த்தி, எதிர்பார்த்ததற்கு மூன்று புள்ளிகள் (அதாவது 0.003) முன்பே நின்றுவிட்டது. அது ஈஸ்ட்டின் குறையா, ஒரே ஒரு பொட்டலத்தோடு சிக்கனம் பிடித்த என் குறையா என்பதை ஒற்றை முயற்சியை வைத்துத் தீர்ப்பது நியாயமன்று. நூறு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை என்ற லாலமண்டின் அளவுப்படி பார்த்தால், 19 லிட்டருக்கு ஒரு பொட்டலம் என்பது கீழ் எல்லையைச் சற்றே தாண்டுகிறது; அடர்ந்த வோர்ட்டுக்கு இரண்டு வேண்டும்.

மண்டியை மறுமுறை பயன்படுத்துவோருக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. கெட்டியாகப் படிந்த பிஆர்ஒய்-97ஐ, மேலிருக்கும் பியரை இறுத்துவிட்டு, சுத்தம் செய்த ஊறுகாய் பாட்டிலில் வழித்து வைப்பது எளிது. இரண்டு வாரத்துக்குள் புதிய வோர்ட்டில் சேர்த்தபோது எட்டே மணி நேரத்தில் நுரை கட்டியது. முதல் முறை காட்டிய சோம்பலின் சுவடே இல்லை. மூன்றாம் தலைமுறைக்கு மேல் நான் போனதில்லை.

மற்ற உலர் ஈஸ்ட்டுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. நாட்டிங்ஹாம் பிஆர்ஒய்-97ஐவிட வேகமாகவும் இறுக்கமாகவும் படியும். ஆனால் அதன் பியரில் எனக்கு ஏதோ ஒரு மெல்லிய புளிப்பு தட்டுகிறது. மாங்குரோவ் ஜாக்ஸின் எம்44 ஒரே முறை. அதுவும் எழுந்திருக்கத் தாமதித்தது. கலங்கலாகவே இருக்க வேண்டிய நியூ இங்கிலாந்து ஐபிஏ காய்ச்சுவோருக்கு என் வாதத்தில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு வெர்டன்ட் ஐபிஏ போன்ற வேறு ஈஸ்ட்டுகள் இருக்கின்றன. எனினும் அந்தக் கலங்கல் பெரும்பாலும் புரதமும் பாலிஃபீனாலும் சேர்ந்து உண்டாவது, மிதக்கும் ஈஸ்ட் அன்று.

யுஎஸ்-05ஐ நான் முற்றிலும் கைவிட்டுவிடவும் இல்லை. குளிர்பெட்டியில் முட்டை வைக்கும் தட்டின் ஓரத்தில் அதன் பொட்டலங்கள் இரண்டு எப்போதும் இருக்கின்றன. நவம்பரில் காய்ச்சவிருக்கும் எட்டு சதவீத டபுள் ஐபிஏவுக்கு அவைதான் போகும். அதைத் தெளிய வைக்க, பொறுப்பது தவிர வேறு வழி இப்போதும் என்னிடம் இல்லை.