ஹெச்டபிள்யூபாய்சன்-இன்ஜெக்ட்: நல்ல ரேமைக் கெடுத்துப் பார்த்த கதை

போன மாதம் ஆபீசில் ஒரு சர்வரின் ரேம் கெட்டு, அதில் ஓடிய விஎம் (மெய்நிகர் கம்ப்யூட்டர்) எல்லாம் மொத்தமாகப் படுத்துவிட்டன. கெட்டது ஒரு இடம். அந்த இடத்தை வைத்திருந்த விஎம் மட்டும்தானே சாக வேண்டும்? சோதித்துப் பார்க்கலாம் என்றால், சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் கெடுகிற ரேமுக்கு எங்கே போவது? லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இதற்கென்று ஹெச்டபிள்யூபாய்சன்-இன்ஜெக்ட் என்ற மாட்யூல் இருக்கிறது, நல்ல ரேமைக் கெட்டதாகக் காட்ட. காசில்லை. வீட்டு லேப்டாப்பில் ரெண்டு ராத்திரி நோண்டினேன்.

கெர்னல் ரேமை 4 கேபி துண்டுகளாக, அதாவது பக்கங்களாக, எண் போட்டு வைத்திருக்கும். ஒரு பக்கத்தின் எண்ணை டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலைச் சோதிப்பதற்கான கோப்புகள் இருக்கும் இடம்) கரப்ட்-பிஎஃப்என் கோப்பில் எழுதினால், கெர்னல் அந்தப் பக்கத்தைக் கெட்டதாகவே எண்ணி ஒதுக்கிவிடும். விஎம்முடைய பக்கம் என்றால், விஎம்மை ஓட்டும் க்யூஎமு ப்ரோக்ராமுக்கு சிக்பஸ் என்ற பிழை சிக்னல் போகும். அது மெஷின் செக்காக (ஹார்டுவேர் பிழை அறிவிப்பு) மாறிக் கெஸ்ட்டுக்குள், அதாவது விஎம்முக்குள் ஓடும் லினக்ஸுக்குள், இறங்கும். கெஸ்ட்டும் பக்கத்தை ஒதுக்கி, அதைத் தொடுகிற ப்ரோக்ராமை மட்டும் கொல்லும்.

முதல் ராத்திரி சொதப்பல். கெஸ்ட்டின் பேஜ்மேப்பில் (எந்த ப்ரோக்ராமுக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் கோப்பு) பார்த்த எண்ணை அப்படியே ஹோஸ்ட்டில், அதாவது விஎம்மைச் சுமக்கும் லேப்டாப்பில், எழுதிவிட்டேன். ஹோஸ்ட்டில் அந்த எண்ணில் குடியிருந்தது என் பிரவுசர். டேப் செத்தது, விஎம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய பக்கம் என்று இந்த மாட்யூல் கேட்பதே இல்லை. ஃபில்டர் உண்டு, நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். கெஸ்ட் எண்ணை ஹெக்ஸில் எழுதி, பின்னால் மூணு ஸீரோ சேர்த்து, க்யூஎமு மானிட்டரில் ஜிபிஏ2ஹெச்பிஏ (கெஸ்ட் முகவரியை ஹோஸ்ட் முகவரியாக்கும் கட்டளை) கொடுத்து, வருகிற ஹெக்ஸில் கடைசி மூணு இலக்கத்தை வெட்டிவிட்டு எழுத வேண்டும். இதை விளக்கமாகச் சொல்லித்தர ஆளில்லை, அதுதான் எரிச்சல்.

மறுநாள் சரியாக விழுந்தது. கெஸ்ட்டில் என் சின்ன சி ப்ரோக்ராம் ‘பஸ் எரர்’ என்று சாய்ந்தது. கூடவே ஓடிய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அசையவில்லை. மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் ஹார்டுவேர்கரப்டட் வரி கெஸ்ட்டில் 4 கேபி, ஹோஸ்ட்டில் 8 கேபி. முந்தின நாள் பிரவுசர் கணக்கும் சேர்ந்துதான்.

அப்புறம் ஹோஸ்ட் கெர்னலின் சொந்தப் பக்கம் ஒன்றைக் கொடுத்தேன். லாகில் ‘இக்னோர்டு’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். பக்கம் நிஜமாகக் கெடவில்லையே, கெர்னலுக்கு என்ன கவலை? ஆபீசில் அடி விழுந்தது ஹோஸ்ட் கெர்னலின் பக்கத்தில்தான் என்று என் சந்தேகம். அதைச் சோதிக்க பயாஸ் வழியாகப் பிழையைச் செலுத்தும் ஐன்ஜ் வேண்டும், என் லேப்டாப்பில் அது கிடையாது. ஆபீஸ் சர்வரில் இருக்கிறதா என்று பார்க்க சனிக்கிழமை டவுன்டைம் கேட்டிருக்கிறேன்.