பிகினர் டேப் டான்ஸ்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருக்கறவங்க, முக்கியமா நாப்பது வயசுக்கு மேல ஏதாச்சும் புதுசா கத்துக்கலாம்னு ஆசப்படறவங்க, கொஞ்சம் உஷாரா இருங்க. "அடல்ட் பிகினர் டேப், அனுபவம் தேவையில்ல"னு போட்டிருந்த ஒரு ஸ்ட்ரிப் மால் ஸ்டுடியோல சேர்ந்தேன், பேர் வேண்டாம். டேப்னா தகடு வெச்ச ஷூவால தரைய தட்டி, கால்லயே தாளம் போடற டான்ஸ். 320 டாலர் மொத்தமா முன்னாடியே வாங்கிட்டாங்க, ஷூவும் எங்ககிட்டதான் வாங்கணும்னு இன்னொரு 90.

அந்த ஷூ கதைய கேளுங்க. டேப் ஷூக்கு அடியில ரெண்டு உலோகத் தகடு, முன்பாதத்துல ஒண்ணு குதிகால்ல ஒண்ணு. நல்ல ஷூன்னா ஸ்க்ரூ போட்டிருப்பாங்க, லூஸ் ஆச்சுன்னா நாமளே டைட் பண்ணிக்கலாம், முன்ன பின்ன திருகி சவுண்டையும் கொஞ்சம் மாத்திக்கலாம். எனக்கு தள்ளிவிட்டதுல ஸ்க்ரூவே கிடையாது, வெறும் ரிவிட். கொஞ்ச நாள்லயே இடது குதிகால் தகடு ஒரு மூலைல தூக்கிக்கிட்டு, கால் வெச்சா தகர டப்பா மாதிரி கடகடங்குது. போய் காட்டினா சூப்பர் க்ளூ போட்டுக்கோங்கன்னு சொல்றாங்க, 90 டாலர் ஷூக்கு!

தரை அதவிட மோசம். டேப் ஆடறதுக்கு, அடியில கொஞ்சம் இடம் விட்டு, மிதிச்சா லேசா அமுங்கி குடுக்கற மரத்தரை வேணும். இங்க நேரா கான்க்ரீட் மேல மரக்கலர்ல வினைல் ஒட்டியிருக்காங்க. முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு வலி பிடிச்சு, வீட்டு மாடிப்படி இறங்கவே அழுகை வந்துச்சு.

சரி, சொல்லியாச்சும் குடுத்தாங்களான்னா அதுவும் இல்ல. ஷஃபிள்ங்கற ஸ்டெப்னா பாதத்தால தரைய முன்னாடி ஒரு உரசு பின்னாடி ஒரு உரசு, ரெண்டு சத்தம். ஃப்ளாப்னா முன்னாடி உரசி அப்படியே கால ஊனறது, அதுவும் ரெண்டு சத்தம்தான். பால் சேஞ்ச்ல வெயிட்ட சட்டுனு ஒரு கால்லேந்து இன்னொரு காலுக்கு மாத்தணும். இத முட்டிய லேசா மடக்கி, கணுக்கால தொளதொளன்னு விட்டு, ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா கேக்கற வரைக்கும் மெதுவா பண்ணணும். நம்ம டீச்சரம்மா ஸ்னீக்கர்ஸ்ல வந்து ஸ்பீக்கர அலறவிட்டு நேரா ஷோ டான்ஸுக்கு போயிட்டாங்க, என் கால் சத்தம் எனக்கே கேக்கல. ஃப்ளாப்ல எனக்கு ஒரே சத்தம்தான வருதுன்னு கேட்டா "ஜஸ்ட் ஃபீல் இட் ஹனி"ங்கறாங்க.

ஷோ என்னன்னா, மே 25 பில் ராபின்சன்ங்கற பெரிய டேப் டான்ஸரோட பிறந்தநாள், 1989ல அமெரிக்க அரசாங்கமே அத டேப் டான்ஸ் நாளா சட்டம் போட்டு அறிவிச்சிருக்கு. அத சொல்லியே எல்லார்கிட்டயும் காஸ்ட்யூமுக்கு 75 டாலர் கறந்தாங்க, பாவம் அந்த மனுஷன். நான் குடுக்கல.

ரீஃபண்ட் கேட்டா ஸ்டுடியோ கிரெடிட்தான் தருவோம்னு ஒரே பாட்டு. கார்ட் பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டு, பிஞ்ச தகட்ட போட்டோ எடுத்து அனுப்பினதுல ஷூ பணம் மட்டும் திரும்பி வந்துச்சு. இப்ப நியூயார்க்ல ஒரு ஓப்பன் கிளாஸ் போறேன், அங்க மொதல்ல பாட்டே போடல, பார் கம்பிய பிடிச்சுக்கிட்டு வெறும் ஷஃபிள்தான்.

அந்த எடிசன் ஆளுங்க இப்ப பசங்களுக்கு சம்மர் கேம்ப்னு விளம்பரம் போட ஆரம்பிச்சிருக்காங்க. எங்க சேக்கறதா இருந்தாலும் ஷூவ திருப்பி ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க, தரைக்கு அடியில என்னன்னு கேளுங்க, டீச்சர பாட்டு இல்லாம ஒரு ஷஃபிள் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, அப்புறமா கார்ட எடுங்க.