போன வருஷக் கட்-ஆஃபா, இந்த வருஷ ரேங்கா?

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் ஆம்பளைகள் எல்லாரும் கரையில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும், ஆகவே பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஆளாளுக்கு ஒரு கணக்கு.

என் அக்கா மகள் கணக்கில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 86. கணக்கை முழுசாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் எடுத்தால் 200-க்கு 172. "மாமா, மதுரையில கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?"

மச்சான் கையில் போன வருஷக் கட்-ஆஃப் பட்டியல். 172-க்குக் கீழே முடிந்த இடத்துக்கெல்லாம் டிக் போட்டு வைத்திருந்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன், மே மாதத்தில் கையில் இருப்பது அதுதான். ஆனால் அந்த எண் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மார்க். வினாத்தாள் சுலபமாக வந்த வருஷம் 172-க்கு மேலே கூட்டம் அள்ளும், கஷ்டமான வருஷம் ஆளே இருக்காது.

ரேங்க் சொல்வது உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதை. போன வருஷம் 172 எடுத்தவர் 30 ஆயிரமாவது ஆள், இந்த வருஷம் அதே மார்க்குக்கு 36 ஆயிரம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது போன வருஷம் 36 ஆயிரத்தில் நின்றவருக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்றுதான் தேட வேண்டும், அவர் மார்க் 168 ஆகக்கூட இருந்திருக்கலாம். பொது ரேங்கோடு, அவரவர் சமூகப் பிரிவுக்குள் எத்தனையாவது ஆள் என்ற சமூக ரேங்கையும் பாருங்கள். பொதுப்பிரிவு 31 சதவீதம் எல்லாருக்கும் திறந்தது, அதில் கிடைக்காதபோதுதான் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20 என்று அவரவர் வரிசை. ஒரே மார்க் எடுத்தாலும் வேறு வேறு சமூகப் பிரிவில் வரும் கீழக்கரைப் பையனுக்கும் பாம்பன் பையனுக்கும் வேறு வேறு பதில் வருவது இதனால்தான்.

இடையில் ஒரு கன்சல்டன்சியில் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு "90 சதவீதம் சான்ஸ்" என்று தாள் கொடுத்தார்கள். எதை வைத்து என்று கேட்டால் சாஃப்ட்வேராம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவள்தான், அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனித் தரவரிசை உண்டு, கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். வாய்ப்பையே மாற்றும் அந்த ஒரு தகவல் தாளில் இல்லை.

ஆகவே என் கட்சி ரேங்க்தான், அதுவும் ஒரே வருஷத்தோடு ஒப்பிடாமல் மூன்று வருஷத்தோடு. தரவரிசை வரும்வரை மச்சானின் பட்டியலை வைத்துக் கல்லூரிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், சரி.

கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் இத்தனைதான் என்று வரம்பு இல்லை, மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். மதுரையை முதலில் போட்டதால் கீழே இருக்கும் ராமநாதபுரம் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி கைவிட்டுப் போகாது. மச்சானுக்கு இதைப் புரியவைக்கத்தான் ரெண்டு நாள் ஆனது.