மேக்னெட் ஆன்டெனா வாங்கலாமா? வண்டியில் எங்கே வைப்பீர்கள்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம திருநெல்வேலிப் பக்கம் போன் டவர்கள் அடங்கிப்போனதைப் பார்த்த பிறகுதான் பொலேரோவில் ஹாம் செட் (உரிமம் பெற்ற தனிநபர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ) வைத்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன். உரிமம் ஏற்கெனவே இருந்தது. வாங்கிய ஆன்டெனா, அடியில் காந்தம் உள்ள கால் அலைக் கம்பி (ரேடியோ அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது), 145 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீளம்.

பொருள் நன்றாக இருக்கிறது, ஆனால் வைக்கும் இடம் சரியாக இருந்தால்தான். கூரையின் நட்டநடுவில் வைத்தால் எஸ்டபிள்யூஆர் (செட் அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 1.3-க்குள் நிற்கிறது, சேரன்மகாதேவி தாண்டியும் பாளையங்கோட்டை நண்பர் குரல் தெளிவாக வருகிறது. அதே கம்பியை பானட் ஓரத்தில் வைத்தால் 2-ஐத் தொடுகிறது, வண்டியைத் திருப்பத் திருப்ப சிக்னலும் ஏறி இறங்குகிறது. காரணம் எளிது, இந்த வகைக் கம்பிக்கு அடியில் விரிந்திருக்கும் தகரம்தான் ஆன்டெனாவின் மறுபாதி. நாலு பக்கமும் தகரம் இருந்தால் நாலு பக்கமும் ஒரே மாதிரி அலை போகும். பின் பம்பரில் மாட்டச் சொல்கிறவர்களும் உண்டு, வேண்டாம், கேபினே முன்பக்கத்தை மறைத்துவிடும். கூரையில் கேரியர் இருந்தால் அதன் கம்பிகளை விட்டு முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

காந்தத்தின் பிடி அருமை. ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் வேகமாகப் போனபோதும் அசையவில்லை. ஆனால் தாழ்ந்த மரக்கிளை தட்டினால் சாய்ந்துவிடும், கிராமத்துச் சாலைக்குள் திரும்பும் முன் கழற்றி உள்ளே வைப்பது நல்லது. தேரி மணல் (நம்ம பக்கத்துச் செம்மணல்) அடியில் சிக்கினால் பெயின்ட் கீறும், அதனால் வைக்கும் முன் கூரையையும் காந்தத்தையும் துடைத்தே ஆகவேண்டும். உவரி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் கழற்றிய பிறகும் துடையுங்கள், உப்புக்காற்று துருவைக் கொண்டுவந்துவிடும்.

எனக்குப் பிடிக்காதது கேபிள். மெலிசு, கதவிடுக்கில் நசுங்கினால் அப்புறம் மாற்றத்தான் வேண்டும். பின்கதவு ரப்பர் மெத்தென்று இருக்கும் இடமாகப் பார்த்து உள்ளே விடுங்கள், வெளியே சற்றுத் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைத்தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே வராமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

அலுமினிய, ஃபைபர் கூரைகளில் இது ஒட்டாது. வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் காந்தத்தைக் கூரையில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.