இலங்கை டூர் என்று 1,14,000 ரூபாய் போச்சு, மதுரைக்காரர்கள் கவனம்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு டூருக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் வரலாறு டீச்சர். 1017-இல் ராஜேந்திர சோழனின் படை இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்ததையும், அங்குள்ள பொலன்னறுவை நகரம் சோழர் காலத்தில் ஜனநாதமங்கலம் என்று பெயர் மாறியதையும் சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவர். மதுரையில் ஏறினால் கொழும்பு ஒரு மணி நேரம்தானே, கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஒரு சந்தில், மாடியில் இருக்கும் சின்ன டூர் ஏஜென்சி. பெயர் போடாதே என்று மச்சான் தலையில் அடித்துக்கொள்கிறான், அதனால் விடுகிறேன். அதன் ஓனர் மேப்பை விரித்து, பேனாவால் அனுராதபுரம், சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, எல்ல என்று வட்டம் போட்டான். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, சிகிரியாவுல ஆயிரத்து இருநூறு படி, உங்களுக்கு வேணாம். கீழ தோட்டத்துல உட்காருங்க, இவங்க மட்டும் ஏறட்டும். ஆனா பொலன்னறுவையில வானவன் மாதேவி ஈச்சரம் இருக்குல்ல, அங்க உங்களுக்காகவே ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துறேன்" என்றான். ராஜேந்திரனின் அம்மா பெயரில் எழுப்பிய கோயில் அது என்று அம்மா சொல்ல, அவன் எழுந்து நின்று கும்பிட்டான். அந்தக் கும்பிட்டில்தான் விழுந்தேன். முடியாததை முடியாது என்று சொல்கிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி 60,000, மறுநாள் 54,000. மூன்று பேருக்கு மொத்தம் 1,14,000. ஜிபேயில் ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டதற்கு, "வீட்டம்மா அக்கவுண்ட்ணே, கம்பெனி அக்கவுண்ட்ல பேங்க்காரன் ஏதோ அப்டேட் பண்றான்" என்றான். சரி என்று விட்டேன்.

என் மனைவிக்கு அப்போதே சந்தேகம். நுவரெலியா பக்கத்து மலைமேல் இருக்கும் ஹார்ட்டன் சமவெளியை மத்தியானத்தில் போட்டிருந்தான். அங்குள்ள "உலக முடிவு" பாறை விளிம்புக்கு விடியற்காலையிலேயே போகிறார்கள், பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் மூடுபனி வந்து பள்ளத்தாக்கையே மறைத்துவிடும். "ஏங்க, இவன் அங்க போயிருக்கானா?" என்று கேட்டாள். நான்தான் அவளை அதட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை ஏர்போர்ட் கவுண்டரில் அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "சார், ரிசர்வேஷன் மட்டும் போட்டிருக்காங்க. டிக்கெட் அடிக்கவே இல்ல, அதுவா கேன்சல் ஆயிடுச்சு" என்றார். அம்மா நுவரெலியா குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரைக் கையிலேயே வைத்திருந்தார்.

போன் அடித்தால், "அண்ணே, சர்வர் டவுன், அரை மணி நேரம்." பிளேன் போய்விட்டது. சாயங்காலம், "கொழும்பு பார்ட்டிட்ட பேசிட்டிருக்கேன்." சனிக்கிழமை, "அக்கவுண்டன்ட் லீவு." ஞாயிறு எடுக்கவே இல்லை. நேற்று நேரில் போனேன். ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான். "ஓனர் சாமி கும்பிட அழகர்கோவில் போயிருக்காரு" என்றான். 1,14,000 ரூபாய் சார்! அழகர் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஏப்பா, பாஸ்போர்ட்டுக்குக் கட்டுன 1,500-உம் போச்சா?" பாஸ்போர்ட் பத்து வருஷம் இருக்கும்மா என்றேன். "நான் இருக்கணுமே" என்றார்.

பத்து விஷயம் என்றேன். இப்போது பத்தெல்லாம் வரவில்லை, மண்டை கொதிக்கிறது. டிக்கெட்டில் ஆறு எழுத்து பிஎன்ஆர் (ரிசர்வேஷன் நம்பர்) மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். பதின்மூன்று இலக்க டிக்கெட் நம்பர் இருக்க வேண்டும், இருந்தாலும் விமானக் கம்பெனிக்கே போன் செய்து கேளுங்கள். கம்பெனி பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு போன் அடியுங்கள். அவன் பேச்சை நம்பி மூன்று நாள் காத்திருந்துவிட்டுத்தான் நான் அடித்தேன்.

சற்றுமுன் அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். அதே சிகிரியா படம், "சில சீட்டுகளே உள்ளன" என்று. யாராவது அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள்.