ஏழு கேள்வி, சில நிமிடம்: எட்மண்ட்சன் சர்வேயை டீமுக்குக் கொடுக்கலாமா?

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட கட்டுரையில் வந்த சர்வே இது. தவறை ஒப்புக்கொள்ளவும் உதவி கேட்கவும் டீமில் எவ்வளவு தைரியம் இருக்கிறது என்று அளக்கிறது. ஹெச்.ஆர். ஆட்கள் இதை உளவியல் பாதுகாப்பு என்பார்கள். ஏழே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (சரியே இல்லை) முதல் 7 (மிகச் சரி) வரை மதிப்பெண். கூகுள் ஃபார்மில் ஏற்றினால் செலவே இல்லை.

பலரும் கோட்டைவிடுவது கணக்கில்தான். 1, 3, 5 மூன்றும் எதிர்மறை வாக்கியங்கள். இங்கே தப்பு செய்தால் அதையே சொல்லிக் காட்டுவார்கள் என்பது முதலாவது. இந்த மூன்றின் மதிப்பெண்ணையும் 8-லிருந்து கழித்த பிறகே சராசரி எடுக்க வேண்டும். படிக்காமலே எல்லாவற்றுக்கும் 7 போட்டவருக்கு 4.43 வரும், மேனேஜரும் 'சுமார்தான், பரவாயில்லை' என்று நிம்மதியாகிவிடுவார். அத்தகைய பதில்களைத் தனியே எடுத்து வையுங்கள். நான்கைந்து பேர் அப்படிப் போட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்!

சராசரியும் ஏமாற்றும். எட்டுப் பேரும் 5 போட்டாலும் சராசரி 5. ஆறு பேர் 6, இரண்டு பேர் 2 போட்டாலும் அதே 5. இரண்டாவது டீமில் இருவர் வாயைத் திறப்பதே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

ஃபார்மில் இமெயில் சேகரிப்பை அணைத்துவிடுங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' வேண்டாம். லாகின் கேட்டாலே சந்தேகம் வந்துவிடும். ஷீட்டில் ஒவ்வொரு பதிலோடும் நேரம் பதிவாவதால், சின்ன டீமில் யாருடையது என்று யூகித்துவிடலாம். ஷீட் வேறொரு டீமைச் சேர்ந்தவர் கையில் இருக்கட்டும். ஐந்து பதிலுக்குக் குறைந்தால் முடிவைக் காட்டவே கூடாது.

இதன் பெரிய குறை, நோயைச் சொல்லும், மருந்தைச் சொல்லாது. முதல் கேள்வி அடிவாங்கியிருந்தால், புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரில்) ஏதாவது விழுந்ததும் உங்கள் வாயில் வரும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். "யார் பண்ணது?" என்பதை விட்டுவிட்டு, "எந்த செக்கில் இது தப்பிச்சுது?" என்று கேளுங்கள். பிரச்சினைகளைப் பேச முடிகிறதா என்ற இரண்டாவது கேள்வி அடிவாங்கியிருந்தால், மீட்டிங்கை "எல்லாருக்கும் ஓகேதானே?" என்று முடிக்காதீர்கள். "வெள்ளிக்கிழமை ரிலீஸ்ல எது உடையும்?" என்று ஜூனியரிலிருந்து வரிசையாகக் கேட்டு, நீங்கள் கடைசியில் பேசுங்கள். முதலில் மௌனம்தான் வரும். அதை நீங்களே பேசி நிரப்பாதீர்கள்.

அப்ரைசலோடு மட்டும் இதைக் கோர்க்காதீர்கள். மேனேஜரின் ரேட்டிங் இதில் தொங்குகிறது என்று தெரிந்தால், "கொஞ்சம் பார்த்துப் போடுங்கப்பா" என்று டீ டைமிலேயே பேரம் ஆரம்பமாகிவிடும்.

இன்னொன்று. நிலைமை சீரானால், மறைக்காமல் சொல்வதால், தவறுகளின் பதிவு முதலில் கூடும். 1996-ல் எட்மண்ட்சன் வெளியிட்ட மருத்துவமனை ஆய்விலும், நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. எண்ணிக்கை ஏறியதும் சர்க்குலர் விட்டால் மறு மாதமே எல்லாரும் மூடிக்கொள்வார்கள்.

இந்த சர்வேக்கு என் மதிப்பெண் 5-க்கு 4. முதல் சுற்றில் வந்த ஒரு விஷயத்தையாவது மாற்றாமல் இரண்டாம் சுற்றுக்கு லிங்க் அனுப்ப வேண்டாம்.